இசட் புள்ளியும் 100ஆம் இலக்க பஸ்ஸும்: ஒரு கணித ஆசிரியரின் அனுபவம்

புள்ளிவிபரவியல் கற்பித்தலை எங்கிருந்து திருத்தத் தொடங்கலாம் என்று பலரும் கேட்பதால், கொழும்பு வெள்ளவத்தையில் இருபது வருடங்களுக்கு மேலாகச் சாதாரண தர, உயர்தர மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்துவரும் நான், என்னையே திருத்திய ஒரு மாலைப்பொழுதைப் பற்றிச் சொல்கிறேன்.

உயர்தரப் பெறுபேறுகள் வெளியான வாரத்தில், சாதாரண தரத்தில் என்னிடம் படித்து, பின்னர் உயிரியல் பிரிவுக்குப் போன ஒரு மாணவியின் தாயார், பெறுபேற்றுத் தாளுடன் வீட்டுக்கே வந்துவிட்டார். "சேர், பிள்ளைக்கு மூண்டும் பி. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு ரெண்டு பி, ஒரு சி. ஆனா அந்தப் பிள்ளைக்கு இசட் கூட. எங்கயோ பிழை விட்டிட்டாங்கள்" என்றார். பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியைத்தான் அவர் சொன்னார். நான் வழக்கம்போல ஒரு தாளை எடுத்து, புள்ளியிலிருந்து இடையை, அதாவது சராசரியை, கழித்து, புள்ளிகள் எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதை அளக்கும் நியம விலகலால் வகுக்கும் சூத்திரத்தை எழுதத் தொடங்கினேன். அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இது யூடியூப்பிலயும் இருக்கு சேர். பிழையோ சரியோ, அதைச் சொல்லுங்கோ" என்றார்.

என் பேனா நின்றுவிட்டது. சூத்திரத்தை விட்டுவிட்டு, 65 எடுத்தாலும் 74 எடுத்தாலும் பிதான் என்பதை முதலில் நினைவூட்டினேன். பிறகு, இரண்டு பாடங்களுக்காக இரண்டு கோடுகளை வரைந்து, இரண்டிலும் இடை 50 என்று வைத்துக்கொண்டு, ஒன்றில் புள்ளிகளை நெருக்கமாகவும் மற்றதில் பரவலாகவும் குற்றினேன். நியம விலகல் 10 ஆக உள்ள பாடத்தில் 70 எடுத்தவருக்கு இசட் புள்ளி 2. 20 ஆக உள்ள பாடத்தில் அதே 70க்கு 1 மட்டுமே. "அப்ப எல்லாரும் ஒரே மாதிரி எடுக்கிற பாடத்தில கொஞ்சம் கூட எடுத்தாலே பெரிய விஷயம்" என்று அந்தத் தாயார் தானாகவே சொல்லிவிட்டார். நியம விலகலுக்கு அதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் என் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

உயிரியல் பிரிவில் கணிதம் ஒரு பாடமே அல்ல என்பதால், தன் மருத்துவபீடக் கனவை நாலு தசமத்தானத்தில் தீர்மானிக்கும் அளவு எங்கிருந்து வருகிறது என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லவில்லை. 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களில் தோற்றியவர்களின் இசட் புள்ளிகளை உயர் நீதிமன்றம் 2012இல் இரத்துச் செய்தபோதும், வேறுபட்ட இரு குடித்தொகைகளை, அதாவது இரு மாணவர் கூட்டங்களை, ஒன்றாகக் கலக்கலாமா என்ற வினாவே வழக்கின் நடுவில் இருந்தது. ஒரு தவணை முழுவதும் பாடம் நடத்தப் போதுமான அந்த விஷயம், வகுப்பறைகளுக்குள் வராமலே கடந்துபோனது.

அதற்குப் பிறகுதான் 100ஆம் இலக்க பஸ்ஸை வகுப்புக்குள் கொண்டுவந்தேன். பாணந்துறையிலிருந்து புறக்கோட்டைக்குப் போகும் பஸ்கள் எத்தனை நிமிட இடைவெளியில் வருகின்றன என்று, ஒரு சனிக்கிழமை காலை காலி வீதித் தரிப்பில் நின்று மாணவர்கள் சி.ஆர். கொப்பியில் குறித்தார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு பஸ் என்றால் சராசரியாக இரண்டரை நிமிடம்தானே நிற்கவேண்டும், ஏன் எப்போதும் அதைவிட அதிகமாக நிற்கிறோம் என்று ஒருத்தி கேட்டாள். கரும்பலகையில் எளிய எண்களை எழுதினேன். இடைவெளிகள் 1, 1, 1, 17 நிமிடங்கள் என்றால் இடை 5தான். ஆனால் அந்த 20 நிமிடத்துக்குள் ஏதோவொரு கணத்தில் தரிப்புக்கு வருபவர் 17 நிமிட இடைவெளிக்குள் அகப்படும் நிகழ்தகவு 17/20. கணித்துப் பார்த்தால் சராசரிக் காத்திருப்பு 7.3 நிமிடங்கள். சாரதிகள் ஒருவரையொருவர் முந்திக்கொண்டு வருவதன் விலையைக் கொடுப்பது தரிப்பில் நிற்பவர்தான் என்பதை அவர்கள் அன்று எண்களில் பார்த்தார்கள். இதே இடைக்கு நான் முன்பு நிரலைப் போடு, கூட்டு, வகு என்று மட்டுமே சொல்லிக்கொடுத்திருந்தேன்.

பணவீக்கத்தையும் ஒருமுறை எடுத்துப் பார்த்தோம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதமாக இருந்த பணவீக்கம், 2023 செப்டெம்பரில் 1.3 சதவீதமாகியது. விலை குறைந்துவிட்டது என்றே வகுப்பில் அநேகர் கையுயர்த்தினார்கள். 2021இல் 100 ரூபாவாக இருந்த கூடை அடுத்த வருடம் ஏறத்தாழ 170, அதற்கடுத்த வருடம் 172 என்று எழுதிக்காட்டியதும், கடை வைத்திருப்பவரின் மகன் சிரித்துவிட்டான்.

பஸ் எண்ணுவதற்கா பிள்ளையை அனுப்பினோம் என்று கேட்ட பெற்றோரும் உண்டு; அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமலும் இல்லை. புள்ளி வழங்கும் திட்டத்தில் நிரல்களுக்குப் புள்ளி உண்டு, யோசிப்பதற்குத் தனியாக இல்லை. ஆகவே, என் மாதாந்தச் சோதனையில் மட்டும், இடையைக் கணித்த பின், அது யாரைப் பற்றி என்ன சொல்கிறது என்று ஒரு வசனம் எழுதுவதற்கு இரண்டு புள்ளிகள் ஒதுக்கினேன். முதல் தடவை பாதிப் பேர் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார்கள். பழைய வினாத்தாளொன்றிலிருந்து அவசரத்தில் நான் அரைகுறையாகப் பிரதிபண்ணிய வினாவுக்குக் கீழே ஒரு பையன், "இது யாருடைய உயரம் என்று வினாவில் இல்லை சேர்" என்று எழுதியிருந்தான். இரண்டு புள்ளிகளும் அவனுக்குத்தான் போயின.