பொலிட்டெயின்மென்ட்: தமிழில் என்ன சொல்வது?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,
இதழியல் பாடநூலின் ஓர் இயலை வெள்ளிக்கிழமைக்குள் அச்சுக்கு அனுப்ப வேண்டும். அரசியலும் பொழுதுபோக்கும் கலப்பதைக் குறிக்கும் ‘பொலிட்டெயின்மென்ட்’டுக்குச் சொல் தேவை. எடுத்துக்காட்டுகள்: என்.எஸ்.கிருஷ்ணன், எம்.ஆர்.ராதா, சோ. ‘அரசியல் கூத்து’ பொருந்துமா?
– செ.

செ. அவர்களுக்கு,
பொருந்தாது. பத்திரிகைகள் அதை வசைச்சொல்லாக்கிவிட்டன. கூத்துக்கு நேர்ந்த இழிவு தனிக்கதை. பழித்துப் பாடுவதற்குத் தொல்காப்பியச் செய்யுளியல் ‘அங்கதம்’ தந்திருக்கிறதே! செம்பொருள் (வெளிப்படையாகப் பழிப்பது), கரந்தது (மறைத்துப் பழிப்பது) என இரு வகை. இரண்டாவதற்கு ஔவையைப் பாருங்கள். தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி சூடி, நெய் பூசி மின்னுகின்றன. அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று, போரே காணாத தொண்டைமானைப் புகழ்வதுபோல் பழித்தாள் (புறம் 95). இதற்கு மேல் சோவிடம் என்ன இருக்கிறது?
– தி.

தி. ஐயா,
அங்கதம் ஓர் உத்தி, செ. கேட்பது கலப்பை. ‘நல்லதம்பி’ (1949) படத்தில் கலைவாணர் நடத்தும் கிந்தனார் காலட்சேபத்தைப் பாருங்கள்; நந்தனார் கதையின் நையாண்டி அது. நந்தன் சிதம்பரத்துக்கு ஏங்கினான். கிந்தன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படிக்கிறான். சொல்வது முழுக்கப் பிரசாரம். ஆனாலும் காலட்சேபத்துக்குரிய பாட்டும் பேச்சும் துளியும் குறையவில்லை. ராதாவின் வாய்க்குப் பூட்டுப் போட 1954இல் நாடகச் சட்டமே வந்தது. ‘அரசியற்கேளிக்கை’ என்பேன். கேளிக்கை வரி கட்டிப் படம் பார்த்த ஊருக்குப் புரியும்.
– மு.

மு. அவர்களுக்கு,
கேளிக்கை, வடமொழிக் ‘கேளி’யின் வழிவந்தது. ‘களியரசியல்’ தூய தமிழ்.
– இரா.

களி என்றால் கள்மயக்கமும்தான். ‘நல்லதம்பி’ என்ற மதுவிலக்குப் படம் எடுத்த கலைவாணருக்கா அந்தச் சொல்? தவிர, இரு சொல் சேர்ந்த தொகையில் வருமொழிதான், அதாவது பின்வரும் சொல்தான், தலை. களியரசியல் ஒருவகை அரசியல். ஓட்டுக் கேட்க மேடையில் ஆடிப்பாடும் வேட்பாளருக்குப் பொருந்தும். கலைவாணர் செய்தது ஒருவகைக் கேளிக்கை. இரண்டுக்கும் ஒரே சொல்லைத் தேடுவதே வீண்.
– மு.

இரா. அவர்களுக்கு,
கேளிக்கை வடசொல் என்று யார் சொன்னது? கேள், கேளிர், கேண்மை. சுற்றத்தார் கூடி மகிழ்வதே கேளிக்கை. மலையாளத்தில் கதகளியை அறிவிக்கும் மேளத்தை ‘கேளிகொட்டு’ என்று…
– தி.

குழுவினருக்கு நன்றி. நால்வர் தனிமடலில் கேளிக்கைக்கே ஒப்புதல் தந்தார்கள். புணர்த்தி எழுதினால் மாணவர் தேடும்போது கிடைக்காது. ‘அரசியல் கேளிக்கை’ என்று பிரித்தே அனுப்பிவிட்டேன். வேட்பாளரின் ஆட்டத்துக்கு அடுத்த பதிப்பில் பார்க்கலாம்.
– செ.

பிரித்தால் அது கலைச்சொல் அல்ல, வெறும் சொற்றொடர். என் மறுப்பைப் பதிந்துகொள்க. தி. ஐயாவின் ‘கேள்’ ஆராய்ச்சிக்கு விரிவான மறுமொழி நாளை.
– இரா.