புதுப்பிப்பு: நன்னீரில் கப்பல் எவ்வளவு கூடுதலாக அமிழும்?

எண்ணூரில் சரக்கேற்றி அமெரிக்க ஏரித் துறைமுகமான டுலூத் போகும் கப்பல், நன்னீரில் எவ்வளவு கூடுதலாக அமிழும் என்று கேட்டிருந்தேன். எல்லாருக்கும் நன்றி.

ராயபுரம் அண்ணன் சொன்ன கணக்குதான் சரியாக வந்தது: சரக்கோடு சேர்த்துக் கப்பலின் மொத்த எடையை, ஒரு சென்டிமீட்டர் அமிழ்த்தத் தேவையான டன்னின் நான்கு மடங்கால் வகுத்தால் விடை மில்லிமீட்டரில் கிடைக்கும். எங்களுக்கு 20,000-ஐ 120-ஆல் வகுத்து 167, ஒரு சாண்கூட இல்லை, ஆனால் போகும் வழியில் உள்ள செயின்ட் லாரன்ஸ் கால்வாயில் 8.08 மீட்டருக்கு மேல் அமிழ்ந்தால் விடமாட்டார்கள் என்பதால் அந்தச் சாணுக்காகச் சரக்கைக் குறைக்கத்தான் வேண்டியிருந்தது.

எதிர்பாராதது ஒன்று. மழைக்கு அப்புறம் வாளியில் அள்ளி அளந்தால் எண்ணூர்த் தண்ணீரின் அடர்த்தியே கடல்நீருக்குரிய 1.025 இல்லை, 1.019! கப்பல் அங்கேயே 4 செ.மீ. கூடுதலாக அமிழ்ந்திருந்தது, அதைக் கழித்தால் இனி கூடுவது 13 செ.மீ.தான்.