பள்ளியில் டிடி ஊசி: ஒப்புதல் சீட்டு தராத பெற்றோரிடம் என்ன சொல்வது?

சாக்பீஸ் டீச்சர்:
அடுத்த வியாழன் 5-ம் வகுப்புக்கு டிடி தடுப்பூசி. மொத்தம் 34 பிள்ளைகள். கையெழுத்தோடு திரும்பிய சீட்டு 19 தான். ஒன்பது பேரிடமிருந்து பதிலே இல்லை. ஆறு பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வீட்டில் "போன மாசம்தான் டிடி போட்டோம்". ஒருவர் "தனியார் டாக்டர்கிட்ட எல்லாம் போட்டாச்சு". இரண்டு பேர் பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள், "பின்னாடி குழந்தை தங்காதாமே, வாட்ஸ்அப்ல வந்துச்சு" என்கிறார்கள். ஒரு பையனுக்கு வலிப்பு இருக்கிறது. இதில் எது சரியான காரணம், எது பயம்? ஒவ்வொருவரிடமும் என்ன சொல்லலாம்?

ஊசிப்பெட்டி (கிராம சுகாதார செவிலியர்):
டீச்சர், முதல் சிக்கல் உங்கள் சீட்டிலேயே இருக்கிறது. அடிபட்டால் போடும் பழைய ஊசிக்கும் (TT) டிடி என்றுதான் பேர், பள்ளியில் போடுவதற்கும் (Td) தமிழில் எழுதினால் டிடிதான். பழையதில் ரணஜன்னிக்கு (டெட்டனஸ்) மட்டும்தான் மருந்து. இப்போது போடுவதில் ரணஜன்னியோடு தொண்டை அடைப்பானுக்கும் (டிப்தீரியா) சேர்ந்து இருக்கிறது. "போட்டாச்சே" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை, பேர் குழப்புகிறது. அடுத்த சீட்டில் "ரணஜன்னி – தொண்டை அடைப்பான் தடுப்பூசி" என்று முழுசாக எழுதுங்கள். பாதிக் கேள்வி அதிலேயே அடங்கும்.

அந்த இரண்டு வீட்டிலும் ஊசி எங்கே போட்டார்கள் என்று கேளுங்கள். அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைக் கொண்டுவந்து சில வருஷமாகிறது. அதனால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டிருந்தால் பெரும்பாலும் புதியதுதான். தனியார் கிளினிக் என்றால் பழையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஊசி போட்ட சீட்டை வாங்கி மருத்துவ அலுவலரிடம் காட்டுங்கள், முடிவை அவர் சொல்லட்டும்.

தனியார் டாக்டரிடம் போனவர் வீட்டுத் தடுப்பூசி அட்டையில் 10 வயதுக்கு நேராகப் பாருங்கள். "டிடாப்" அல்லது "பூஸ்ட்ரிக்ஸ்" (இந்த இரண்டு நோய்க்கும் சேர்த்துத் தனியாரில் போடும் ஊசி) என்று எழுதித் தேதியும் இருந்தால் இந்த முறை தேவையில்லை, 16 வயதில் போட்டால் போதும். அட்டை 5 வயதோடு நின்றிருந்தால் "எல்லாம் போட்டாச்சு" என்பது ஞாபகப் பிசகு. ரொம்ப சகஜம் அது.

பதிலே தராத ஒன்பது பேரை எதிர்ப்பாளர் என்று எழுதிவிடாதீர்கள். சீட்டு பையிலேயே கசங்கிக் கிடக்கும், அல்லது அப்பா வெளியூரில் இருப்பார், அம்மா தனியாக முடிவெடுக்கத் தயங்குவார். போன் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

குழந்தை நலம் (மருத்துவர்):
வலிப்பு விஷயத்தை முதலில் பார்ப்போம். வலிப்பு பற்றிய தயக்கம் சின்ன வயசு முத்தடுப்பு ஊசியில் இருக்கும் கக்குவான் இருமல் மருந்தை ஒட்டி வந்தது. இந்த ஊசியில் அந்தப் பகுதியே கிடையாது. மாத்திரையால் வலிப்பு கட்டுக்குள் இருந்தால் போடலாம். மாத்திரைச் சீட்டோடு பெற்றோரையும் அன்றைக்கு வரச் சொல்லுங்கள். உண்மையிலேயே போடக் கூடாதவர்கள் மிகக் குறைவு: முன்பு இதே மருந்துக்குக் கடுமையான ஒவ்வாமை வந்த பிள்ளைகள். கடும் காய்ச்சல் இருந்தால் தள்ளிப் போடலாம். சளி, மூக்கொழுகல் எல்லாம் காரணமே இல்லை.

"குழந்தை தங்காது" என்பவர்களுக்குப் புள்ளிவிவரம் சொல்லாதீர்கள். "இதே ஊசியைத்தானே அரசு மருத்துவமனையில் கர்ப்பிணிகளுக்கும் போடுகிறார்கள்?" என்று கேளுங்கள். அந்தத் தாய்க்கே கர்ப்ப காலத்தில் ரணஜன்னி ஊசி போட்ட ஞாபகம் வரும், அதற்கப்புறம் பெற்ற பிள்ளைதான் உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. இந்தப் புரளிக்கு வயசும் ஆகிவிட்டது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி பள்ளிகளுக்கு வந்தபோதும் வாட்ஸ்அப்பில் இப்படித்தான் சுற்றியது. அந்த மாதமே முடிய வேண்டிய முகாம் மார்ச்சுக்கும் நீண்டது.

இந்த வயதில் ஏன் என்று கேட்பார்கள். குழந்தையில் போட்டதன் பலம் வருஷம் போகப் போகக் குறையும். 2016-ல் கேரளாவின் மலப்புரத்தில் தொண்டை அடைப்பான் வந்தபோது பள்ளி வயதுப் பிள்ளைகளும் மாட்டினார்கள். நோய் வந்தபின் கொடுக்கும் எதிர்நஞ்சு குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. அதை உடனே தேடிப் பிடிப்பதே பெரும்பாடு.

ஊசிப்பெட்டி:
அன்றைக்குச் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். பேச்சில் சம்பாதித்த நம்பிக்கை அந்த அறையில்தான் போகும்.

ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் வரிசையில் நிற்கும் நாலு பேரும் விழுவார்கள், சாயங்காலம் ஊரே "ஊசி போட்டு மயக்கம்" என்று பேசும். இது மருந்தால் வருவதில்லை, பயத்திலும் வெறும் வயிற்றிலும் வருவது. சத்துணவு சாப்பிட்ட பிறகு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கதவு உள்ள அறை வேண்டும்: ஒன்றில் உள்ளே, மற்றதில் வெளியே. காத்திருப்பவர்கள் கண்ணில் ஊசி படக் கூடாது. உட்கார வைத்துத்தான் போடுவோம். அப்புறம் அரை மணி நேரம் பெஞ்சில் இருக்கணும், விளையாட விடாதீர்கள். வெளுத்து, வியர்த்து, நாடி மெதுவாக ஓடினால் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பிடியுங்கள். ஓரிரு நிமிஷத்தில் தெளிந்துவிடும். உடம்பு தடித்து, மூச்சு இழுத்து, நாடி வேகமாக ஓடினால் அது வேறு. உடனே என்னைக் கூப்பிடுங்கள், அதற்கான அட்ரினலின் என் பெட்டியில் இருக்கும்.

ஒரு குப்பியில் 10 பேருக்கு மருந்து, ஆளுக்கு 0.5 மில்லி. உங்கள் வகுப்புக்கு நாலு குப்பி. மீந்தால் வீணாகிறதே என்று யாரையும் நெருக்க வேண்டாம். சரியான குளிரில் வைத்திருந்தால் திறந்த குப்பியை 28 நாள் வரை பயன்படுத்தலாம். தட்டம்மை ஊசிதான் கலந்த 4 மணி நேரத்தில் கொட்டணும். டிடி மருந்து உறைந்தால் கெட்டுவிடும். அதனால் ஐஸ் பேக்கை வெளியே வைத்து வியர்க்க விட்டு, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கிற பதத்தில்தான் பெட்டிக்குள் அடுக்குவோம். சந்தேகப்படும் பெற்றோர் இருந்தால் கூப்பிட்டுக் காட்டுங்கள், எங்களுக்கு ஒன்றும் இல்லை.

மேல் கையில் வலி, லேசான வீக்கம் இரண்டு மூன்று நாள் இருக்கும். தேய்க்கக் கூடாது, எண்ணெய் போடக் கூடாது. இதை முன்கூட்டியே சீட்டில் எழுதிவிடுங்கள். சொல்லாமல் வந்த வலிதான் புகாராகும்.

சாக்பீஸ் டீச்சர்:
நன்றி சிஸ்டர், நன்றி டாக்டர். ஒரு அப்பா மட்டும் "ஒன்றும் ஆகாது என்று பள்ளி எழுதித் தரணும்" என்கிறார். போடாவிட்டால் டி.சி. கொடுத்துவிடுவோம் என்று சக ஆசிரியர் ஒருவர் வேறு சொல்லிவிட்டார்.

குழந்தை நலம்:
இரண்டும் வேண்டாம். டி.சி. மிரட்டலை உடனே வாபஸ் வாங்கச் சொல்லுங்கள். யாரையும் கட்டாயப்படுத்தி ஊசி போட முடியாது என்று 2022 மே 2-ல் உச்ச நீதிமன்றம் கொரோனா ஊசி வழக்கில் சொல்லியிருக்கிறது. மிரட்டினால் தயங்குகிறவரும் எதிர்ப்பாளராகிவிடுவார். எழுதித் தரவும் கூடாது, எந்த மருந்துக்கும் அப்படி யாரும் தர முடியாது. கை வலிக்கும், சிலருக்குக் காய்ச்சல் வரும், கடும் ஒவ்வாமை மிக அரிது, அதற்கு அங்கேயே மருந்து இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லுங்கள்.

ஊசிப்பெட்டி:
அவர் வியாழனன்று வராவிட்டாலும் பரவாயில்லை டீச்சர். புதன்கிழமை எங்கள் ஊசி நாள், பையனைக் கூட்டிக்கொண்டு அவரே வந்து பக்கத்தில் உட்காரட்டும். பையன் பேரைத் தனியாக எழுதி எனக்கு அனுப்புங்கள், வேண்டாம் என்ற பட்டியலில் சேர்க்காதீர்கள்.