மலேசியா அண்ணன் கிளம்புனதுக்கு அப்புறம் எங்க சைட்ல நடந்தது

கடலூர்ல ஒரு அபார்ட்மெண்ட் சைட்டு, நான் அப்ப ஜூனியர் இன்ஜினியர். எங்க கம்பெனி முதல் தடவையா அலுமினியம் ஷட்டரிங் எடுத்தாங்க, அலுமினிய பேனல மாட்டி அச்சு மாதிரி வெச்சு கான்கிரீட் ஊத்துறது, மிவான்னு சொல்வோமே அதான். அதுவரைக்கும் எங்களுக்கு சென்ட்ரிங்னா சவுக்கு கட்டை, பலகை, ஆணி, அவ்ளோதான்.

கத்துக்குடுக்க மலேசியாவுல இருந்து ஒரு அண்ணன் வந்தாரு, தமிழர்தான், "பேனல அடிக்காதலா, வெட்ஜ மட்டும் தட்டுலா"ன்னு (வெட்ஜ்னா பேனல பூட்டுற ஆப்பு) பேசுவாரு, ரெண்டு நாள்ல பசங்களும் லா போட ஆரம்பிச்சிட்டாங்க. சுவரும் ஸ்லாபும் ஒண்ணா கான்கிரீட் போட்டு, மறுநாளே சுவர் பேனல கழட்டி, ஸ்லாப்ல விட்ட ஓட்டை வழியா கையாலயே மேல் மாடிக்கு ஏத்தறத பாத்து வாய பொளந்தோம். ஸ்லாப தாங்குற முட்டு, அந்த ப்ராப்ப மட்டும் தொட விடமாட்டாரு.

ரெண்டு வாரத்துல அவரு ஊருக்கு போயிட்டாரு. அப்புறம்தான் கூத்து. ஆயில் சரியா பூசல, ஒட்டுன கலவைய சுரண்டல, பேனல் வரலன்னதும் பலகைய நெம்புற மாதிரி கடப்பாரைய போட்டானுங்க, ஓரம் வளைஞ்சிது, அடுத்த மாடியில அந்த சந்துல சிமெண்ட் பால் ஒழுகி சுவர் அடியில பூரா ஜல்லி தேன்கூடு மாதிரி தெரியுது. எலக்ட்ரீஷியன் வேற வயர் பைப்புக்கு சுவர்ல காடி வெட்ட கட்டர் மெஷினோட வந்து நிக்கிறாரு. பைப்ப கான்கிரீட்டுக்கு முன்னாடியே கம்பியோட கட்டியிருக்கணும், யாரும் அவருகிட்ட சொல்லவே இல்ல (நானும்தான்).

இங்கிலீஷ் மேனுவல் ஆபீஸ் பீரோல பத்திரமா இருந்துச்சு. காப்பாத்துனது எங்க சென்ட்ரிங் மேஸ்திரி. பேனல் நம்பர் பசங்களுக்கு குழம்புதுன்னு ரூமுக்கு ஒரு கலர்ல பெயிண்ட் பொட்டு வெச்சாரு, கிச்சனுக்கு மஞ்சள், பாத்ரூமுக்கு நீலம், எது முதல்ல கழட்டணும்னு நாப்பது பக்க நோட்டுல படம் போட்டு வெச்சிருந்தாரு.

பாண்டில ஒருத்தர் கூலி கூட தரேன்னதும் நோட்டோட போயிட்டாரு. யாரும் தடுக்கல.

—

உங்க கதைய படிச்சேன், பாண்டில இருந்து வேற ஒருத்தன் நான். ஆரோவில்ல மண்ண அழுத்தி கல்லு போடுற மெஷின் பாத்திருக்கீங்களா? கையால அழுத்துற அந்த மாதிரி மெஷின் 1950கள்ல கொலம்பியாவுல வந்தது, சின்வா ராம்னு பேரு. இங்க ஆரம் 3000னு தனியா டிசைன் பண்ணி, அச்ச மாத்தி மாத்தி விதவிதமா கல்லு போடுறாங்க, 5 சதவீதம் சிமெண்ட் கலந்தா போதும், சூளையே வேணாம். இப்ப வெளிநாட்டுக்கும் போவுது. இங்க மெஷினையே புதுசா டிசைன் பண்ணாங்க, உங்க ஆபீஸ்ல மேனுவலையே பிரிக்கல போல ஹாஹா.

—

சிரிங்க சிரிங்க. அடுத்த சைட்டுக்கு மறுபடி டிக்கெட் போட்டு வேற ஆள வரவெச்சாங்க. இவருக்கு தமிழ் தெரியாது, நான்தான் பக்கத்துல நின்னு "அடிக்காதலா"ன்னு கத்திட்டு இருந்தேன்.