வெளிநாட்டில் தொண்டு முடித்து மும்பை திரும்பியவர்களே, முதல் மாதம் எப்படிப் போனது?

செம்பூர் தம்பி:
கென்யாவில் ஒரு பள்ளியில் பதினெட்டு மாதம் தன்னார்வலராகக் கணக்கு சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன மாதம்தான் வந்து இறங்கினேன். விமான நிலையத்தில் முதலில் கேட்டது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையை. அது இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள், பத்திரமாக எடுத்து வாருங்கள். வீட்டில் "ஆப்பிரிக்கா எப்படிடா?" என்று கேட்கிறார்கள், நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சு கல்யாணத்துக்குப் போய்விடுகிறது. திங்கட்கிழமை ஒரு தொண்டு நிறுவனத்தில் சேர்கிறேன். "இதுக்காவது சம்பளம் உண்டா?" என்று அப்பா மூன்று தடவை கேட்டுவிட்டார். உங்களுக்கெல்லாம் எப்படி இருந்தது?

சயான் அக்கா:
தம்பி, நான் உகாண்டாவில் இரண்டு வருஷம் இருந்தேன். அங்கே கிராமத்துக்குக் கிராமம் சம்பளமில்லாத சுகாதாரத் தொண்டர்கள் உண்டு, கிட்டத்தட்ட நம்ம ஆஷா பணியாளர் மாதிரி. அவர்களோடு வீடு வீடாகப் போய், டிபி நோயாளிகள் மாத்திரையை விடாமல் போடுகிறார்களா என்று பார்ப்பதுதான் வேலை. லுகாண்டா மொழியில் எனக்குப் பத்து வார்த்தை தெரிந்தால் அதிகம். "ஜெபலே கோ" என்பேன். வேலை செய்துகொண்டிருப்பவரைப் பார்த்தால் அங்கே சொல்லும் வணக்கம் அது, 'நல்லா உழைக்கிறீங்க' என்கிற மாதிரி. அதற்கே சிரித்துக்கொண்டு பாயை விரித்துவிடுவார்கள். தொண்டர் கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்ததும், ஆங்கிலம் தெரிந்த பெண்கள் என் காதில் மெதுவாகச் சொல்வார்கள், கணவனுக்குத் தெரியாமல் மாத்திரையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று.

திரும்பி வந்து தாராவியில் அதே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குக் கொஞ்சம் திமிர் இருந்தது உண்மை. பிறந்து வளர்ந்தது சயான், பூர்வீகம் திருநெல்வேலி. அந்தக் காலத்தில் தோல் பதனிடும் வேலைக்கு நெல்லையிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்த சந்துகளைத்தான் எனக்குக் கொடுத்தார்கள். மொழிபெயர்க்க ஆள் வேண்டாம், வழி கேட்க வேண்டாம். இனி என்ன சிரமம் என்று நினைத்தேன்.

முதல் வாரமே ஒரு பாட்டி. கோலிக்குள் (ஒற்றை அறை வீட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்) நுழைந்து "பாட்டி, டிபி மாத்திரை..." என்று ஆரம்பித்தேன். வெடுக்கென்று எழுந்து கதவைச் சாத்தினார். "ஏட்டி, மெதுவாப் பேசு. எனக்கு நெஞ்சுச் சளி, அவ்வளவுதான்." பத்துக்குப் பத்து அறை, நடுவில் ஒரு தகரம். பக்கத்து வீட்டில் தாளித்தால் இங்கே தும்மல் வரும். அதோடு பேத்திக்கு மாப்பிள்ளை வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் "நீ யாரு மவ?" என்று கேட்டார். சொன்னேன். என் அத்தையை அவருக்குத் தெரிந்திருந்தது. சரி, அதோடு முடிந்தது. அதற்குமேல் ஒரு வார்த்தை வாங்க முடியவில்லை.

எங்களோடு ஒரு மராத்திப் பெண் வேலை பார்க்கிறாள். பாட்டிக்கும் அவளுக்கும் இடையே பாதி இந்தி, பாதி சைகை. அவளிடம் எல்லாம் சொல்லியிருக்கிறார், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவதைப் பார்த்துப் பயந்து நாலு நாள் மாத்திரையை நிறுத்தியது உட்பட. (அது ரிஃபாம்பிசின் என்கிற டிபி மருந்து செய்கிற வேலை, பயப்பட ஒன்றுமில்லை. அதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியவள் நான்.)

அன்றைக்கு ரயிலில் வரும்போதுதான் உறைத்தது. உகாண்டாவில் பெண்கள் மனம் விட்டுப் பேசியதை என் சாமர்த்தியம் என்று இரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். கேட்டதைப் போய்ச் சொல்ல அந்த ஊரில் எனக்கு ஒரு அத்தை இல்லை, அதனால்தான் பேசியிருக்கிறார்கள்! தாராவியில் அந்த மராத்திப் பெண்தான் வெளியூர்க்காரி, நான் இல்லை.

மாட்டுங்கா அண்ணன்:
என் கதை பணத்தைப் பற்றியது. நேபாளத்தில் கூட இருந்த ஐரோப்பிய நண்பர்கள், "உன் புது நிறுவனத்துக்கு நாங்கள் அனுப்புகிறோம்" என்றார்கள். நானும் பெரிய மனிதன் மாதிரி வங்கி எண்ணைக் கேட்டுக்கொண்டு போனேன். கணக்கு பார்க்கும் அம்மா தலையில் கை வைத்துவிட்டார். வெளிநாட்டுப் பணம் வாங்கத் தனிப் பதிவு வேண்டும். 2020 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அது முதலில் டெல்லியில் இருக்கும் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் வந்து விழ வேண்டும். அலுவலகச் செலவுக்கு முன்பு 50 சதவீதம் வரை எடுக்கலாம், இப்போது 20 தான். என் சம்பளத்தில் ஒரு பகுதி அந்த 20க்குள் வருகிறது என்றும் சொன்னார். அதற்கப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

செம்பூர் தம்பி:
அக்கா, பாட்டி என்ன ஆனார்?

சயான் அக்கா:
ஆறு மாதமும் மாத்திரையை முடித்துவிட்டார், நல்லா இருக்கிறார். அந்த வேலையை மராத்திப் பெண்ணிடமே விட்டுவிட்டேன். சத்துணவுக்கு அரசு தரும் மாதம் 1000 ரூபாய் (2024 நவம்பருக்கு முன்னால் 500) பாட்டிக்கு வரவே இல்லை. வங்கிக் கணக்கு ஊரில் இருந்தது, ஆதாரோடு இணைக்கவில்லை. அதற்கு நாலு நடை நான்தான் கூட்டிப்போனேன். யார் கேட்டாலும், "ரேஷன் கார்டுல பேரு சேக்கணும், அதுக்குத்தான் இந்தப் பிள்ள வருது" என்று பாட்டியே சொல்லிவிட்டார். இப்போது அந்தச் சந்தில் கால் வைத்தால் நாலு பேர் ரேஷன் கார்டோடு நிற்கிறார்கள்.