ஹைட்ரோஸ் போடாமல் நாட்டுச் சக்கரை காய்ச்சினால் பூக்குமா?

கோபிக்காரன்
வணக்கமுங்க. தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு இருக்கிறது, கோ 86032 ரகம். இத்தனை வருடமும் மில்லுக்குத்தான் வெட்டி அனுப்பினோம், இந்தத் தடவை பக்கத்துத் தோட்டத்து ஆலையை வாடகைக்குப் பிடித்து நாங்களே காய்ச்சலாம் என்று வீட்டில் முடிவு. அஸ்கா என்கிற வெள்ளைச் சர்க்கரை கலக்கக் கூடாது, நிறம் வெளுக்கப் போடும் ஹைட்ரோஸ் மருந்தும் போடக் கூடாது, அதில் அப்பா பிடிவாதமாக இருக்கிறார், எனக்கும் அதுதான் சரி. ஆனால் சாறு காய்ச்சும் கொப்பரை வேலைக்கு வருகிற ஆட்கள், மருந்து போடாவிட்டால் கறுத்துவிடும், சக்கரை பூக்காது, அதாவது மணி மணியாக உதிராது, பிசுபிசுவென்றே நிற்கும் என்கிறார்கள். உண்மையா? தெர்மாமீட்டர் வைத்துப் பதம் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

கவுந்தப்பாடி விவசாயி
தம்பி, ஹைட்ரோஸ் நிறத்தை வெளுக்க வைக்கும், அவ்வளவுதான். பூப்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த வெளுப்பும் நிற்காது, மூட்டையில் கொஞ்ச நாள் கிடந்தால் திரும்பக் கறுக்கும்.

பூக்காமல் போவது கரும்பால். வெட்டி இரண்டு நாள் வெயிலில் போட்டால் அதிலுள்ள சர்க்கரை குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று உடைந்துவிடும், அப்புறம் என்ன கிண்டினாலும் மணி கட்டாது. அன்று வெட்டியதை அன்றே ஆட்டுங்கள், கொழுந்துப் பக்கத்துக் கணுக்களைத் தாராளமாகக் கழித்துவிடுங்கள். கடைசி நேரத்தில் யூரியா வாங்கிய கரும்பும், உப்புத் தண்ணீர் பாய்ந்த கரும்பும் நிறம் கொடுக்காது.

மற்றதெல்லாம் அழுக்கு எடுப்பதில் இருக்கிறது. சாறு சூடேறிக் கொதி வருவதற்குச் சற்று முன்னால், பச்சையும் கறுப்புமாக மேலே கெட்டியாக ஒரு ஆடை திரண்டு அங்கங்கே வெடிக்கும். அந்த நேரத்தில் அடுப்பில் சக்கை போடுவதை நிறுத்தி, தீயைத் தணித்து, அவ்வளவையும் கரண்டியால் வழித்து எடுத்துவிட வேண்டும், விட்டுவிட்டால் கொதியில் கலங்கி உள்ளேயே போய்விடும், பிறகு எடுக்க முடியாது. வெண்டைத் தண்டை நசுக்கி ஊறவைத்த வழவழத் தண்ணீரை ஊற்றினால் அழுக்கு நன்றாகச் சேர்ந்து வரும். ஆட்கள் அவசரப்படுத்துவார்கள், விடாதீர்கள்.

பெருந்துறை டு கியூபெக்
தெர்மாமீட்டர் பற்றி மட்டும் சொல்கிறேன். இங்கே கனடாவில், இரவில் உறைந்து பகலில் உருகுகிற மார்ச், ஏப்ரல் நாட்களில் மேப்பிள் மரத்தில் துளை போட்டுச் சாறு இறக்கி, நம் ஆலை மாதிரியே ஒரு கொட்டகையில் வைத்துக் காய்ச்சுவார்கள். அந்தச் சாற்றில் சர்க்கரை 2 சதவீதம் சொச்சம்தான், ஏறக்குறைய 40 லிட்டர் வற்றினால் 1 லிட்டர் பாகு. அவர்கள் முதலில் அன்றைக்கு வெறும் தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்று பார்த்துக்கொள்கிறார்கள், அதற்கு மேல் 4 டிகிரி ஏறியதும் பாகை இறக்கிவிடுகிறார்கள். காற்றழுத்தத்தோடு கொதிநிலையும் மாறும் என்பதால் இந்த ஏற்பாடு. தெர்மாமீட்டரே ஒன்றிரண்டு டிகிரி தப்பாகக் காட்டினாலும் இதில் அடிபட்டுப் போகும்.

சத்தி அம்மிணி
அண்ணா சொன்ன 4 டிகிரி ஊற்றுகிற பாகுக்குத்தான், அதில் நின்றுவிடாதீர்கள். தெர்மாமீட்டரில் உருண்டை வெல்லத்துக்கு 118 டிகிரி செல்சியஸ் பக்கம், நாட்டுச் சக்கரைக்கு 120, 122 வரை போக வேண்டும். கடைசிப் பத்து டிகிரி சட்டென்று ஏறும், அதனால் 110 தாண்டியதுமே தீயைக் குறைத்து அடிப்பிடிக்காமல் துழாவிக்கொண்டே இருங்கள். தெர்மாமீட்டர் முனை கொப்பரை அடியைத் தொடக் கூடாது. கூடவே பழைய சோதனையும் வேண்டும்: ஒரு துளியைப் பச்சைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டி, கொப்பரை விளிம்பில் எறிந்தால் 'டங்' என்று கேட்க வேண்டும். தொட்டியில் ஊற்றியதும் உடனே கிண்டாதீர்கள், ஓரம் வெளிற ஆரம்பித்த பிறகு தேய்த்தால்தான் பொலபொலவென்று உதிரும்.

கோபிக்காரன்
ரொம்ப நன்றிங்க. சாற்றின் புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பு எவ்வளவு போடுவது?

கவுந்தப்பாடி விவசாயி
கரண்டிக் கணக்கு வேண்டாம் தம்பி, கரும்புக்குக் கரும்பு மாறும். புளிப்பை அளக்கும் பிஎச் தாள் வாங்கிக்கொள்ளுங்கள். சாறு 5.3 பக்கம் இருக்கும், தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி 6 தாண்டியதும் நிறுத்திவிடுங்கள். அதிகமானால் அதுவே கறுக்க வைத்துவிடும்.