ஸ்கோர் சொன்ன அந்தப் பையன்

போன மே மாதம், அம்பத்தூர் பக்கம் ஒரு உள்ளரங்கத்தில் 13 வயதுக்கு உட்பட்டோருக்கான பேட்மின்டன் போட்டி. தகரக் கூரை. ஷட்டில் காற்றில் விலகும் என்று மின்விசிறியை எல்லாம் நிறுத்தியிருந்தார்கள். பிள்ளைகளை அழைத்துப் போனவர்களுக்கு அந்தப் புழுக்கம் தெரியும். என் மகள் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டாள். சரி, அவள் தோழி ஆடுவதையாவது பார்ப்போம் என்று கேலரியில் உட்கார்ந்திருந்தோம்.

அங்கே எல்லா கோர்ட்டுக்கும் நடுவர் இல்லை. முந்தைய ஆட்டத்தில் தோற்ற பிள்ளையையே ஸ்கோர் சொல்ல உட்கார வைத்தார்கள். எங்கள் கோர்ட்டில் உட்கார்ந்தவனுக்கு 12 வயது இருக்கும். கொஞ்சம் முன்னால்தான் தோற்று, முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தான்.

தோழி 18-17 என்று முன்னிலையில் இருந்தாள். எதிர்ப்பக்கப் பெண் அடித்த ஷட்டில் பின்கோட்டை ஒட்டி விழுந்தது. பையன் "அவுட்" என்றான். அவ்வளவுதான், அந்தப் பெண்ணின் அப்பா கேலரியிலிருந்து இறங்கி கோர்ட் ஓரத்துக்கே வந்துவிட்டார். "டேய், கண்ணு தெரியுதா இல்லையா? யாருடா உன்னை இங்க உட்கார வச்சது?"

பையன் நிமிரவே இல்லை. கையிலிருந்த பென்சிலை ஸ்கோர் தாளில் ஒரே இடத்தில் அழுத்திக்கொண்டே இருந்தான். அந்தப் பெண் ராக்கெட் நரம்புகளை விரலால் சரிசெய்தபடி மெதுவாகச் சொன்னாள்: "அப்பா, அவுட்தான்ப்பா." அவர், "நீ சும்மா இரு" என்றார்.

நாற்பது பேராவது பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் எழுந்திருக்கவில்லை. நானும்தான். அது இன்னும் மனதை அறுக்கிறது.

எழுந்து வந்தது எங்கள் பிள்ளைகளின் கோச் மேடம். ஷட்டில் ஆட்டத்தில் இருக்கும்போது வெளியிலிருந்து யோசனை சொல்லக்கூடாது என்பது விதி. ஒரு பக்கம் 11 புள்ளி எட்டியதும் கிடைக்கும் 60 விநாடி இடைவேளையிலும் தண்ணீர் கொடுத்து ஒரே ஒரு விஷயம்தான் சொல்வார். அன்றும் குரலை உயர்த்தவில்லை. "சார், குழந்தைங்க ஆடுற இடம் இது. மேல போய் உட்காருங்க" என்றார். அப்புறம் பையன் பக்கம் குனிந்து, "தம்பி, நீ சொன்னதுதான். ஸ்கோர் சொல்லுப்பா" என்றார். அவன் "19-17" என்றது எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

கால்பந்தில் எல்லை மீறும் பயிற்சியாளருக்கும் மஞ்சள், சிவப்பு அட்டை காட்டலாம் என்று 2019-இல் விதி கொண்டுவந்தார்கள். நல்ல விஷயம். ஆனால் கோட்டுக்கு வெளியே நின்று கத்தும் அப்பாவுக்கு எந்த அட்டை? போட்டி நடத்துகிறவர்கள் பெற்றோரைக் கேலரியோடு நிறுத்த வேண்டும், பிள்ளை ஸ்கோர் சொல்லும் கோர்ட்டில் பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். இந்த இரண்டையும் நான் இப்போது போகிற இடமெல்லாம் கேட்கிறேன். சிலர் செய்கிறார்கள்.

திரும்பும்போது வண்டியில் ஆட்டத்தைப் பற்றி நானாகப் பேச்செடுக்கவில்லை. பாடி மேம்பாலம் வரை மகளும் வாய் திறக்கவில்லை. பாலம் ஏறும்போது பின்னாலிருந்து கேட்டாள்: "அந்த அண்ணாகூட யாராவது வந்திருந்தாங்களாப்பா?"